இரவு வானுக்குப் பாதுகாப்பு உண்டா? ஒளி மாசைக் கட்டுப்படுத்த விதிகள் கோரப்படுவது ஏன்?

புதுதில்லி: காற்று, நீர், ஒலி ஆகியவை தொடர்பான மாசைக் கட்டுப்படுத்த இந்தியாவில் சட்டங்களும் விதிகளும் உள்ளன. ஆனால், ஒளி மாசுக்கென நாடு முழுவதற்கும் பொருந்தும் தனிச் சட்டம் எதுவும் இல்லை. இந்தக் குறையை அரசு நீக்க வேண்டும் என்று வானியலாளர்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் வலியுறுத்தி வருகின்றனர்.

ஒளி மாசு என்றால் என்ன?

தேவைக்கு அதிகமாகவோ, தேவையற்ற திசையிலோ, தேவையற்ற நேரத்திலோ பாய்ச்சப்படும் செயற்கை ஒளியே ஒளி மாசு எனப்படுகிறது. மேல்நோக்கிச் செல்லும் ஒளி, காற்றில் உள்ள தூசியிலும் ஈரப்பதத்திலும் பட்டுச் சிதறி வானத்தை வெளிறச் செய்கிறது. இதனால் மங்கலான நட்சத்திரங்கள் கண்ணுக்குப் புலப்படாமல் போகின்றன.

2011 முதல் 2022 வரை பொதுமக்கள் பதிவு செய்த தரவுகளை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, இரவு வானின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் அதிகரித்துள்ளது. இதே வேகம் நீடித்தால், 250 நட்சத்திரங்கள் தெரியும் இடத்தில் பிறக்கும் குழந்தை, 18 வயதை எட்டும்போது அங்கு ஏறத்தாழ 100 நட்சத்திரங்களையே காண முடியும்.

யாருக்குப் பாதிப்பு?

ஒடிஸா கடற்கரையில் முட்டையிலிருந்து வெளிவரும் ஆலிவ் ரிட்லி ஆமைக் குஞ்சுகள், கடற்பரப்பின் இயற்கை வெளிச்சத்தை நோக்கி நகரும் இயல்புடையவை. கரையோர விளக்குகள் அவற்றைத் திசைதிருப்பி, நிலப்பகுதிக்கு இழுத்துச் செல்கின்றன. மனிதர்களுக்கோ, இரவு நேர ஒளி உறக்கத்தைச் சீராக்கும் மெலடோனின் சுரப்பைக் குறைக்கிறது.

எல்இடி விளக்குகள் மின்சாரத்தை மிச்சப்படுத்துகின்றன. மத்திய அரசு 2015-இல் தொடங்கிய தேசிய தெருவிளக்குத் திட்டத்தின் கீழ் ஒரு கோடிக்கும் அதிகமான எல்இடி தெருவிளக்குகள் பொருத்தப்பட்டுள்ளன. எனினும், நீல நிறக் கூறு மிகுந்த வெண்ணிற ஒளி வளிமண்டலத்தில் அதிகம் சிதறும் என்பதால், விளக்கின் நிறமும் அது நோக்கும் திசையும் முக்கியமாகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், திட, திரவ, வாயுப் பொருள்களையே மாசுபடுத்தும் பொருள்களாக வரையறுக்கிறது. அதே சட்டத்தின் கீழ் விதிகள் வகுக்கும் பிரிவில் ஒலி வெளிப்படையாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. ஒலி மாசு விதிகள் 2000-இல் நடைமுறைக்கு வந்தன. ஒளிக்கு அத்தகைய இடம் அளிக்கப்படவில்லை. எனவே, வீட்டு ஜன்னலுக்குள் இரவெல்லாம் விளம்பரப் பலகையின் ஒளி பாய்ந்தாலும், எந்த வரம்பு மீறப்பட்டது என்று சுட்டிக்காட்டிப் புகார் அளிப்பது கடினமாகிறது.

வழிகாட்டும் முன்மாதிரிகள்

அரசு முனைந்தால் மாற்றம் சாத்தியம் என்பதற்கு லடாக்கின் ஹன்லே எடுத்துக்காட்டு. சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம் அமைந்துள்ள அப்பகுதியில், 1,073 சதுர கி.மீ. பரப்பு 2022 டிசம்பரில் இருள் வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. உள்ளூர் மக்கள் வானியல் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றதால், சுற்றுலா வருவாய்க்கும் வழி பிறந்தது. மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024-இல் நாட்டின் முதல் இருள் வான் பூங்காவாகச் சர்வதேச அங்கீகாரம் பெற்றது.

பிரான்ஸ் 2018-இல் பிறப்பித்த உத்தரவு, கடை முகப்பு விளக்குகளை அதிகபட்சம் நள்ளிரவு 1 மணிக்குள் அணைக்க வேண்டும் என்கிறது.

கோரிக்கைகள் என்ன?

தெருவிளக்குகளின் ஒளி மேல்நோக்கிச் சிதறாதபடி மூடி அமைத்தல், மிதமான மஞ்சள் நிற ஒளியைப் பயன்படுத்துதல், விளம்பரப் பலகைகளுக்கு நேர வரம்பு விதித்தல், ஆய்வகங்களையும் ஆமைகள் முட்டையிடும் கடற்கரைகளையும் சுற்றிக் கட்டுப்பாட்டு மண்டலங்களை அறிவித்தல் ஆகியவை முன்வைக்கப்படுகின்றன. இவை விளக்குகளே கூடாது என்பதற்கான வாதம் அல்ல. சாலைக்குத் தேவையான ஒளி சாலையில் மட்டும் விழ வேண்டும் என்பதே இவற்றின் சாரம்.

ஆற்றில் கலந்த நஞ்சை அகற்றப் பல ஆண்டுகள் ஆகலாம். ஒளி மாசோ, விளக்கை அணைத்த கணத்திலேயே மறைந்துவிடும். அதற்கான விதியை வகுப்பதுதான் எஞ்சியுள்ள பணி.