தழை போர்த்திய டாங்கிகள்

பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் சேர்த்து டாங்கி, ஜீப், பீரங்கி வண்டி முதலிய யுத்த வாகனங்களின் சிற்றுருவங்களைச் செய்வதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஜப்பானைச் சேர்ந்த தமியா நிறுவனம் 1960களில் பரப்பிய 1:35 என்னும் அளவே இத்துறையில் பெருவழக்காய் நிலைத்துவிட்டது. அந்த அளவில் ஆறடி உயரமுள்ள சிப்பாய் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்று மேலே நிற்பான். இவர்களுள் கைதேர்ந்த சிலர், வாரக்கணக்கில் பிரயாசைப்பட்டுப் பூட்டி வர்ணம் தீட்டிய வண்டியின்மேல், போர்க்களத்துச் சிப்பாய்கள் செய்தது போலவே கிளையும் தழையும் செருகி, அதைப் பாதிக்குமேல் மூடிவிடுகிறார்கள். பார்ப்பவர்க்கு இது வீண் வேலையாகத் தோன்றினாலும், இத்தொழிலின் சூக்ஷ்மம் முழுவதும் அந்தத் தழையில்தான் அடங்கியிருக்கிறது.

நிஜ யுத்தத்தில் தழை என்ன செய்யும் என்பதற்கு நமது தேச சரித்திரத்திலேயே சான்று உண்டு. 1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை, பஞ்சாபில் கேம்கரணுக்கு அருகே அசல் உத்தர் என்ற கிராமத்தைச் சுற்றி நடந்த சமரில், பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் எண்ணிக்கையிலும் புதுமையிலும் மேலோங்கியிருந்தன. நமது சைனியமோ, ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்த கரும்புக்குள் செஞ்சூரியன் டாங்கிகளைக் குதிரை லாடத்தின் வடிவில் ஒளித்து நிறுத்தி, வயல்களில் நீரைப் பாயவிட்டு, சேற்றில் திணறி வந்த எதிரியை அண்மையில் வரவிட்டே சுட்டது. ஜீப்பின்மேல் பொருத்திய பின்னுதைப்பற்ற பீரங்கியைக் கொண்டு பயிர் மறைவிலிருந்தே டாங்கிகளைத் தகர்த்த ஹவில்தார் அப்துல் ஹமீத், 10ஆம் தேதி களத்தில் உயிர் நீத்துப் பரம்வீர் சக்கரத்துக்கு உரியவரானார். சிக்கிய பாட்டன் டாங்கிகளைக் கொண்டுவந்து நிறுத்திய இடத்துக்குப் பாட்டன் நகர் என்ற பெயரே வழங்கலாயிற்று.

இந்தச் சமரைச் சிற்றுருவமாக அமைக்க விரும்புகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று: இலை எந்தத் தேசத்தது, எந்தக் காலத்தது, எக்காரணம் பற்றி அங்கே வந்தது. 1944இல் நார்மண்டியில் நேச நாட்டு விமானங்களுக்கு அஞ்சி ஜெர்மானியர் தங்கள் டாங்கிகளின்மேல் குவித்தவை அப்பகுதி உயிர்வேலிகளின் அகன்ற இலைகள். அவற்றைக் கேம்கரண் ஜீப்பின்மேல் வைத்தால், வேலை எத்துணை நுட்பமாயிருப்பினும் பொய்யாகிவிடும். பஞ்சாபுக்கு வேண்டியது கரும்பின் நீண்ட தோகை. ஒன்றரை மீட்டர் நீளமும் ஐந்து சென்டிமீட்டர் அகலமும் உள்ள தோகை, 1:35 அளவில் நான்கு சென்டிமீட்டருக்கு ஒன்றரை மில்லிமீட்டர் ஆகிறது. இருபது சென்டிமீட்டர் மாவிலையோ ஆறு மில்லிமீட்டருக்குள் சுருங்கிவிடுகிறது. ஆகையால் மரத்திலிருந்து பறித்த இலை பெரும்பாலும் உதவாது. இலையைப் போலத் தோன்றும் வேறொன்றைத் தேட வேண்டும்.

மேனாட்டார் பிர்ச் மரத்தின் காய்க்கொத்தை உதிர்த்து, அதிலுள்ள நுண்செதில்களை இலையாகக் கொள்கிறார்கள். நமக்கு அம்மரம் எளிதில் கிடைப்பதில்லை என்று வருந்த வேண்டுவதில்லை. கொல்லிமலையின் நாடுகளுள் ஒன்றான அரியூர் நாடு போன்ற மலைப் பிரதேசத்தில் இதற்கு வேண்டிய சாமான்கள் காலடியிலேயே கிடக்கின்றன. சாமையை அடித்தெடுத்த பிறகு எஞ்சும் கதிர்க்காம்பு, கிளைக்குள் கிளையாக மயிரிழைபோல் பிரிந்திருப்பதால், அதில் மூன்று சென்டிமீட்டர் நறுக்கினால் ஒரு மீட்டர் நீளமுள்ள மரக்கொம்பு ஆயிற்று. பனி தங்கும் மரங்களின் பட்டையிலிருந்து உதிர்ந்த பாசி, புல்லின் சல்லிவேர், வாழைநார் ஆகிய எல்லாம் பயன்படும். காய்ந்தால் நொறுங்கக்கூடியவற்றை, ஒரு பங்கு கிளிசரினும் இரண்டு பங்கு நீரும் கலந்த கலவையில் சில நாள் ஊறவைத்தால் வளைந்துகொடுக்கும் தன்மை நிலைக்கும்; நிறத்தைப் பின்னர் தீட்டிக்கொள்ளலாம்.

தோகைக்கு மெல்லிய காகிதமே போதும். வெட்டுவதற்கு முன்பே ஒரு பக்கம் கரும்பச்சையும் மறுபக்கம் சற்று வெளிறிய பச்சையும் பூசிக் காயவிட்டு, நடுநரம்பு விழுமாறு மழுங்கிய ஊசியால் கீறி, பிளேடால் ஊசிமுனைபோல் கூராக நறுக்கி, விரல் நகத்தின்மேல் இழுத்தால் தோகைக்குரிய வளைவு தானே வந்துவிடும். அடியில் துளி பெவிகால் தொட்டு இடுக்கியால் ஒவ்வொன்றாகக் காம்பில் ஏற்ற வேண்டும். காம்புக்கு நான்கைந்து தோகைக்கு மேல் ஏற்றினால் அது கரும்பாயிராது, துடைப்பமாகிவிடும்.

இனிக் காரணம். விமானியின் கண் முதலில் பற்றுவது நேர்க்கோட்டையும் பளபளப்பையும் நிழலையும்தான். ஆகவே பீரங்கிக் குழலின் நீளமும், அதைத் தாங்கிச் சுழலும் கூண்டின் விளிம்பும், சக்கரங்களின் அடிநிழலும் உடைந்து தோன்றும்படி அவ்விடங்களில் தழை அடர்ந்திருக்க வேண்டும். ஓட்டுபவன் வெளியே பார்க்கும் இடுக்கிலும், கூண்டு சுழலும் வளையத்திலும், குழலின் வாயிலும், குறிபார்க்கும் கண்ணாடிக்கு முன்னும் ஓர் இலைகூட இருத்தலாகாது. வண்டி முழுவதும் ஒரே சீராகத் தழை தூவுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

காலத்தையும் விட்டுவிடலாகாது. அறுத்த கொம்பு வெயிலில் சில மணி நேரத்திலேயே துவண்டு, இலை புரண்டு, வெளிறிய அடிப்பக்கத்தைக் காட்டும். இயந்திரத்தின் மேல்மூடியில் வெப்பத்தால் இன்னும் விரைவாகக் கருகும். இரண்டாம் உலக யுத்தத்தில் புழங்கிய அகச்சிவப்பு வர்ணப் பிலிமில் உயிருள்ள தழை செந்நிறமாகவும், பச்சை வர்ணம் பூசிய துணி வேறு நிறமாகவும் பதிந்து, போலி மறைப்பைக் காட்டிக்கொடுத்தது. அறுபட்டு வாடிய தழைக்கும் அந்தச் செந்நிறம் குன்றிவிடும். ஆகையால் சிப்பாய்கள் வாடியதைக் களைந்து புதியதைச் செருகிக்கொண்டே இருந்தார்கள். முன்புறத்தில் பசுந்தோகையும், இயந்திரத்தின்மேல் சுருண்டு பழுத்ததும், இடையில் உருவ மறந்த காய்ந்த காம்பு ஒன்றிரண்டுமாக அமைத்தவன், அந்த வண்டி காலைமுதல் எங்கே நின்றது, எப்பொழுது நகர்ந்தது என்பதையெல்லாம் அமைத்தவனாகிறான். மலைக்காட்டில் எந்தச் செடி எத்தனை நாழிகையில் வாடும் என்று பழக்கத்தாலேயே அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு, நகரத்தில் கடைச் சரக்கை வாங்கி ஒட்டுகிறவர்களைக் காட்டிலும் எளிதில் கைவரும்.