மாற்று இணைப்பு இருந்தால் போதுமா? சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்

அண்டை நாடான சிங்கப்பூரில் 2024 அக்டோபர் 8ஆம் தேதி பிற்பகலில் சிங்டெல் நிறுவனத்தின் தரைவழித் தொலைபேசிச் சேவை நான்கு மணி நேரத்திற்கும் மேலாகத் தடைபட்டது. 995, 999 ஆகிய அவசர எண்களுக்கான அழைப்புகளும் அதில் பாதிக்கப்பட்டன. இவ்வளவு பெரிய சேவைக்கு மாற்று ஏற்பாடு இருக்காதா என்று பலருக்கும் தோன்றும்.

பெரும்பாலான பெரிய சேவைகளுக்கு மாற்று ஏற்பாடு இருக்கவே செய்கிறது. ஆனால் அது தேவைப்படும் நேரத்தில் வேலை செய்யுமா என்பது வேறு கேள்வி.

இன்று அலுவலகங்கள், மருத்துவமனைகள், வங்கிகள் ஆகியவற்றின் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் இணையவழியில்தான் செல்கின்றன. அந்த அழைப்புகளைப் பொதுத் தொலைபேசிக் கட்டமைப்புடன் இணைக்கும் சாதனத்தை ‘வாய்ஸ் கேட்வே’ என்பார்கள். அது தீ விபத்தாலோ மின்தடையாலோ முடங்கிவிடக்கூடாது என்பதற்காக, வெவ்வேறு இடங்களிலுள்ள இரண்டு தரவு மையங்களில் ஆளுக்கொன்றாக வைப்பது வழக்கம். சைபர்ஜெயாவில் ஒன்று, ஜொகூரில் ஒன்று எனக் கொள்வோம். ஒன்று விழுந்தால் மற்றொன்று பொறுப்பேற்க வேண்டும். இந்தக் கைமாற்றத்தின் பெயர் ‘ஃபெயிலோவர்’.

பிரிட்டன் கற்ற பாடம்

இந்தக் கைமாற்றம் எப்படித் தவறிப்போகும் என்பதற்குப் பிரிட்டனில் நடந்தது தெளிவான உதாரணம். அங்கு 999 அவசர அழைப்புகளை பிடி நிறுவனம் கையாள்கிறது. 2023 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை காலையில், சர்வரிலிருந்த ஒரு கோப்பில் ஏற்பட்ட அமைப்புப் பிழையால் சேவை தடுமாறத் தொடங்கியது. ஊழியர்கள் அழைப்பை எடுத்தவுடன் அவர்களின் கணினி அமைப்பு மறுதொடக்கம் ஆனது. சில அழைப்புகள் துண்டிக்கப்பட்டன. சில, காவல் துறைக்கோ ஆம்புலன்ஸ் சேவைக்கோ மாற்றும்போது அறுந்தன.

அவசரகால மாற்று அமைப்பு தயாராகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு மாறும் முதல் முயற்சி தோல்வி கண்டது. செய்முறைக் குறிப்புகள் சரிவர எழுதப்படவில்லை. பணியில் இருந்த குழுவுக்கும் அந்த நடைமுறை பழக்கமில்லை. அதுவரை சில அழைப்புகளையே பாதித்த கோளாறு, அதன் பின்னர் மொத்த சேவையையும் முடக்கியது. ஒருவழியாக மாறிய பிறகும், வந்த அழைப்புகளின் எண்ணிக்கையை மாற்று அமைப்பால் தாங்க முடியவில்லை.

சுமார் பத்தரை மணி நேரத்தில் 12,392 பேரின் ஏறத்தாழ 14,000 அழைப்பு முயற்சிகள் தோல்வியடைந்தன. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், 2024 ஜூலையில் பிடி நிறுவனத்திற்கு 17.5 மில்லியன் பவுண்டு அபராதம் விதித்தது.

எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

முதலாவது, நேரம். இணைய அழைப்புகளுக்குப் பயன்படும் எஸ்ஐபி என்ற நெறிமுறையின் இயல்பான அமைப்பில், மறுமுனையிலிருந்து பதிலே வராவிட்டால் 32 விநாடி காத்திருந்த பிறகே அழைப்பு தோல்வியடைந்ததாகக் கருதப்படும். மாற்று கேட்வேயை அதன் பிறகுதான் நாடும் என்றால், அழைத்தவர் அரை நிமிடம் மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். நெஞ்சுவலியில் துடிப்பவரின் குடும்பத்தார் அதற்குள் போனை வைத்துவிடுவார்கள். சாதனங்கள் சில விநாடிக்கொரு முறை ஒன்றையொன்று நலம் விசாரிக்கும்படி அமைத்தால், பழுதை முன்கூட்டியே கண்டறிந்து பாதையை மாற்றிவிடலாம்.

இரண்டாவது, கொள்ளளவு. இரு மையங்களும் ஒரே நேரத்தில் தலா 100 அழைப்புகளைத் தாங்கும். இரண்டிலும் 80 அழைப்புகள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று விழுந்தால் 160 அழைப்புகளும் 100 பேருக்கான வாசலில் வந்து நிற்கும். 60 பேருக்கு வழி கிடைக்காது. எனவே உச்ச நேரத்தின் மொத்தச் சுமையையும் ஒரே மையம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். விழுந்த மையத்தைச் சேர்ந்த தொலைபேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் மறுபதிவு கோரும்போது எழும் நெரிசலையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, அரைகுறைப் பழுது. மின்கம்பியைப் பிடுங்கிப் பார்ப்பது எளிய சோதனை. சாதனம் இயங்குவதாகக் காட்டிக்கொண்டே அழைப்புகளைத் தவறவிடுவதுதான் ஆபத்தானது. பிரிட்டனில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். வெளி இணைப்பை மட்டும் துண்டித்தால் என்ன ஆகிறது என்றும் பார்க்க வேண்டும்.

நான்காவது, அழைப்பின் தரம். மணி அடித்தால் போதாது. இரு பக்கமும் குரல் கேட்கிறதா, அழைப்பவரின் எண் சரியாகத் தெரிகிறதா, இன்னொருவருக்கு மாற்ற முடிகிறதா, மாறும் தருணத்தில் பேசிக்கொண்டிருந்தவர்களின் அழைப்பு என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ள வேண்டும். பழுது சரியான பிறகு பழைய மையத்திற்குத் திரும்புவதும் சோதனையின் ஒரு பகுதியே.

ஐந்தாவது, ஆட்கள். அமைப்பை வடிவமைத்த பொறியாளர் விடுப்பில் இருக்கும் நாளில், குறிப்பேட்டை மட்டும் பார்த்துப் பணியில் உள்ளவரால் மாற்ற முடிகிறதா? ஞாயிற்றுக்கிழமை காலையில் கோளாறு வந்தால் அதுதான் நிலைமை.

இத்தகைய சோதனையை, அழைப்புகள் குறைவாக உள்ள நேரத்தில், சம்பந்தப்பட்டவர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்துச் செய்வது நல்லது. உச்ச நேரச் சுமையைச் செயற்கை அழைப்புகளைக் கொண்டு உருவாக்கலாம்.

கிளினிக், முதியோர் இல்லம், சிறுதொழில் நடத்துவோரிடம் சொந்தத் தரவு மையம் இருக்காது. ஆனாலும் தொலைபேசிச் சேவை வழங்கும் நிறுவனத்திடம் அவர்கள் மூன்று கேள்விகள் கேட்கலாம்: மாற்று மையத்திற்கு மாறும் சோதனை கடைசியாக எப்போது நடந்தது? மாறுவதற்கு எத்தனை விநாடி பிடித்தது? எல்லா வாடிக்கையாளர்களின் அழைப்புகளையும் ஒரே மையம் தாங்குமா? தேதியும் எண்ணிக்கையும் பதிலாக வந்தால் நிம்மதி கொள்ளலாம். “எல்லாம் தானாக மாறிவிடும்” என்று மட்டும் சொன்னால், இன்னொரு முறை அழுத்திக் கேட்பதே நல்லது.