மானியம் நின்றால் பேருந்துக்கு யார் பணம் தருவது?

தமிழகத்தில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் நம் தாய்மார்களும் சகோதரிகளும் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள். கட்டணம் இல்லை என்பதால் செலவும் இல்லை என்று பொருளல்ல. அந்தத் தொகையைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசு ஈடு செய்கிறது. அரசு கையை விரித்துவிட்டால் என்னவாகும்? லண்டன் மாநகரம் அதை அனுபவித்துப் பார்த்திருக்கிறது.

அங்கே பேருந்துகளையும் சுரங்க ரயில்களையும் நடத்தும் அமைப்புக்கு பிரிட்டன் அரசு ஆண்டுக்குச் சுமார் 70 கோடி பவுண்டு மானியம் தந்து வந்தது. படிப்படியாகக் குறைத்து, 2018-ல் அதை அறவே நிறுத்தியது. பிறகு பயணக் கட்டணமே பெரும் தூணானது. மேயர் சாதிக் கான் 2016-ல் தந்த வாக்குறுதிப்படி பேருந்து, சுரங்க ரயில் ஒற்றைப் பயணக் கட்டணங்களை உயர்த்தவும் இல்லை. எளியவர்களுக்கு அது பேருதவிதான், நிர்வாகத்துக்கு நெருக்கடி.

2020-ல் கொரோனா வந்தது. சுரங்க ரயிலில் ஏறுவோர் சுமார் 95 சதவீதம் குறைந்தனர். ஒற்றைத் தூண் ஆட்டம் கண்டது. மே மாதம் அரசு 160 கோடி பவுண்டு கொடுத்துக் காப்பாற்றியது, நிபந்தனைகளோடு. மைய லண்டனுக்குள் நுழையும் கார்களுக்கான நெரிசல் கட்டணம் 11.50 பவுண்டிலிருந்து 15 ஆனது. 60 வயதைக் கடந்தோரின் இலவசப் பயணம் வார நாட்களில் காலை 9 மணிக்கு முன் செல்லாது என்றானது. காரில் வருபவரிடம் கூடுதலாக வாங்குவதில் நியாயம் உண்டு. அதிகாலையில் துப்புரவு வேலைக்குப் புறப்படும் முதியவரிடம் வாங்குவதை நாம் எப்படி நியாயம் என்போம்? பயணிகளின் பணத்தை மட்டுமே நம்பினால், இடி முதலில் இவர்கள் தலையில்தான் விழுகிறது.

வேறு வழிகளும் இல்லாமல் இல்லை. பிரான்சில் 1971 முதல் முதலாளிகளே போக்குவரத்துக்கென வரி கட்டுகிறார்கள். இன்று 11 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள், தரும் ஊதியத்தின் அளவுக்கேற்பச் செலுத்துகின்றன. தொழிலாளி நேரத்துக்கு வந்து சேர்வதால் ஆதாயம் முதலாளிக்கும்தானே!

ஹாங்காங் செய்தது இன்னும் சாமர்த்தியம். ரயில் வந்தால் அக்கம்பக்கத்து நிலத்தின் விலை ஏறும். நம் ஊரில் அந்த லாபம் மனை வாங்கிப் போட்டவருக்குப் போகிறது. அங்கோ, ரயில் வருவதற்கு முந்தைய விலைக்கே நிலத்தில் கட்டும் உரிமையை அரசு ரயில் நிறுவனத்துக்குத் தருகிறது. நிறுவனம் கட்டுமானக்காரர்களோடு சேர்ந்து நிலையத்தின் மேல் குடியிருப்புகளும் கடைவீதிகளும் எழுப்பி, விலை ஏற்றத்தில் பங்கு பெறுகிறது. ஆனால் வீட்டுச் சந்தை படுத்தால் அந்த வருமானமும் படுத்துவிடும். சந்தை எழுந்தாலோ, நிலையத்தின் அருகே வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டி வரும்.