பல் நாற்காலியின் மறுபக்கம்

மாணவர்களே, ஆரம்பப் பள்ளியில் உங்கள் சொத்தைப் பல்லை அடைத்துவிட்டுப் போனவரை டாக்டர் என்றுதானே நினைத்தீர்கள்? பெரும்பாலும் அவர் பல் சிகிச்சையாளர்; மலாயில் ‘ஜுருதெராப்பி பெர்கிகியான்’. பக்கத்தில் நின்று கருவிகளைக் கொடுத்தவர் பல் மருத்துவ உதவியாளர். இரண்டும் வேறு வேறு வேலைகள்.

உதவியாளர் வேலை என்றால் எடுத்துக் கொடுப்பது மட்டும்தானா? ரிங்லெட்டில் இருக்கும் உங்களுக்கு ஒரு கணக்கு. நாம் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் வாழ்கிறோம். காற்றழுத்தம் குறைவு, ஆகவே தண்ணீர் இங்கே சுமார் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். தேநீருக்கு அது போதும். ஒருவர் வாயில் வைத்த கருவியை இன்னொருவர் வாயில் வைக்கப் போதாது. சில பாக்டீரியாக்களின் வித்துகள் 100 டிகிரி கொதிநீரிலும் பிழைத்துக்கொள்ளும்.

அதனால்தான் ‘ஆட்டோகிளேவ்’. நம் வீட்டு பிரஷர் குக்கரின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடிய பெட்டிக்குள் அழுத்தம் ஏறும்போது நீராவியின் வெப்பமும் ஏறும். 121 டிகிரியில் 15 நிமிடம், அல்லது 134 டிகிரியில் குறைந்தது 3 நிமிடம். அதற்கு முன் கருவியைத் தேய்த்துக் கழுவியாக வேண்டும். காய்ந்த இரத்தம் ஒட்டியிருந்தால் அதன் அடியில் நீராவி புகாது. பொட்டலத்தின் மேல் ஒட்டிய நாடாவில் கோடுகள் கறுத்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. வெப்பம் பட்டது என்றுதான் அது சொல்லும். கிருமி செத்ததா என்று அறிய, வித்துகளையே உள்ளே வைத்துத் தனியாகச் சோதிப்பார்கள். இதில் உதவியாளர் அசட்டையாக இருந்தால் டாக்டரின் திறமை நோயாளியைக் காப்பாற்றாது.

பல் சிகிச்சையாளருக்கு வருவோம். பிள்ளைகளின் பல்லைப் பார்க்கத் தாதியரைப் பழக்கும் முறையை நியூசிலாந்து 1921இல் தொடங்கியது. அதைப் பின்பற்றி 1949இல் பினாங்கில் பயிற்சிப் பள்ளி வந்தது. இன்று அது மூன்றாண்டு டிப்ளோமா. முடித்தவர்கள் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பல் அடைக்கலாம், பிடுங்கலாம். முன்பு அரசு வேலை மட்டுமே. 2022 ஜனவரியில் நடப்புக்கு வந்த 2018ஆம் ஆண்டு பல் மருத்துவச் சட்டம், பல் மருத்துவரின் மேற்பார்வையில் தனியார் கிளினிக்கிலும் பணிபுரிய வழிவிட்டது.

இரண்டுக்கும் எஸ்பிஎம் வேண்டும். சிகிச்சையாளர் படிப்புக்கு அறிவியல் பாடங்களில் நல்ல தேர்ச்சி தேவை. மலாய் மொழியைக் கைவிட்டால் அரசு வேலைக் கதவு திறக்காது. தனியார் கிளினிக்குகளில் வேலை செய்துகொண்டே உதவியாளராகப் பழகுவோரும் உண்டு. ஆனால் சேரும் முன் ஒன்று கேளுங்கள்: சான்றிதழ் தருவார்களா, அதை அரசு ஏற்குமா?