மழலையின் மௌனம்

சீன மொழியில் ‘மா’ என்னும் ஓரெழுத்து, உயர்ந்த தொனியில் அன்னையையும், தாழ்ந்தெழும் தொனியில் குதிரையையும் குறிக்கும். இத்தொனிகளைக் கேட்டிருந்த பெண் குழந்தைகள் பலர், ஏறக்குறைய ஒரு வயதில், கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்துப் பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்துப் பிள்ளைகளாய் வந்து சேர்ந்தனர். பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்தனர். சீனத்தை அறவே மறந்தனர். ஆயினும், அவர்களுடைய மூளை அத்தொனிகளைக் கேட்டபோது, சீனம் பேசுவோரின் மூளையைப் போலவே இயங்கியதென 2014-ஆம் ஆண்டில் மாண்ட்ரியால் ஆய்வாளர் வெளியிட்டனர்.

ஆகவே, தத்து வந்த மழலை, முன் கேட்ட மொழியின் தடத்தோடுதான் நம் இல்லத்துள் நுழைகிறது என்பதை நாம் உணர்தல் வேண்டும். புது மொழி சூழ்ந்ததும் அது சில காலம் வாய் திறவாதிருக்கலாம். அதனை உடனே மந்தமென்று எண்ணி மனம் தளர வேண்டா. நாவுக்கு முன் செவி கற்கிறது. உணவூட்டுகையிலும் நீராட்டுகையிலும் பொருளைக் காட்டிப் பெயர் சொல்வோம். மறுமொழி கேட்டு வற்புறுத்தாதிருப்போம். அது கொணர்ந்த சொற்களுள் ஒன்றிரண்டையேனும் நாமும் கற்று, அதனோடு பேசுவோம். மாதங்கள் பல கடந்தும் மௌனம் நீடிப்பின் மருத்துவரை நாடுவோம்.

தாம் பெறாத மகனைத் தம் மகனாகவே பேணிக் காத்த புனித சூசையப்பர், இத்தகைய இல்லங்களுக்குத் துணை நிற்பாராக!