18 வெள்ளிக் கூலியும் 900 வெள்ளி லெவியும்

"தம்பிக்கு ஐபிஏ வந்துருச்சா?"

பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கிப் பக்கத்து ஊர்களில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்குள் இந்தக் கேள்வி காதில் விழும். ஐபிஏ என்பது, இந்த ஆளுக்கு வேலை அனுமதி தரச் சம்மதம் என்று சிங்கப்பூர் மனிதவள அமைச்சு அனுப்பும் முன் ஒப்புதல் கடிதம். வந்துவிட்டால் பையன் திருச்சியில் விமானம் ஏறிவிடுவான். வரவில்லை என்றால் ஏஜென்ட் வீட்டு வாசலுக்கு நடக்க வேண்டும். அண்மையில் பேராவூரணிக்குப் பக்கத்தில் உறவுக்காரர் வீட்டில் நான்கு நாள் தங்கினேன். அந்த நான்கு நாளும் அடுத்த வீட்டுப் பையன் ஒருவன் போனைக் கையை விட்டு இறக்கவே இல்லை. தூங்கும்போதும் தலைமாட்டில்தான் இருந்தது. வயது 23. ஐடிஐ முடித்தவன். டெஸ்ட் அடித்துப் பாஸாகி இரண்டு மாதமாகக் காத்துக்கொண்டிருந்தான்.

'டெஸ்ட் அடிப்பது' என்பதைத் தஞ்சை, புதுக்கோட்டை, சிவகங்கைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சிங்கப்பூர்க் கட்டுமானத் துறையில் பெர்மிட் வாங்க வேண்டும் என்றால் அந்நாட்டின் கட்டட ஆணையம் ஏற்றுக்கொண்ட திறன் தேர்வில் தேற வேண்டும். கம்பி கட்டுவது, பலகையடிப்பது, டைல்ஸ் ஒட்டுவது, பிளம்பிங், எலக்ட்ரிக்கல் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனித் தேர்வு. தேர்வு மையங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. தகரக் கொட்டகைக்குள் ஆளுக்கொரு சதுரம். அதற்குள் வரைபடத்தைப் பார்த்து, குறித்த நேரத்துக்குள் கம்பியை அளந்து வெட்டி, வளைத்து, கட்டுக்கம்பியால் முடிச்சுப் போட்டுக் கூடு கட்டிக் காட்ட வேண்டும். பையன் தன் வலது உள்ளங்கையைக் காட்டினான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் காய்த்துப் பழுப்பேறியிருந்தது. பயிற்சிக்காக மட்டும் ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட்டிருக்கிறானாம். "ஒரு முடிச்சு லூசா இருந்தாலும் மார்க்கு போயிரும்ணே" என்றான்.

2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் டிரம்ப், புதிதாக எச்1பி விசாவுக்கு விண்ணப்பிக்கும் நிறுவனங்கள் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று கையெழுத்திட்டார். உடனே தமிழ்த் தொலைக்காட்சிகளில் விவாதம். வேண்டியதுதான், அதனால் அலைக்கழிந்த குடும்பங்கள் எனக்கும் தெரியும். ஆனால் வெளிநாட்டுத் தொழிலாளர் மீது ஓர் அரசு கட்டணம் போட்டு வடிகட்டுவது இந்தத் தென்னந்தோப்பு ஊர்களுக்குப் புதுச் செய்தி அல்ல. சிங்கப்பூர் 1980களிலிருந்து அதைச் செய்துவருகிறது. அதற்கு ஒரு நாளும் இங்கே விவாதம் நடந்ததில்லை.

சிங்கப்பூர்க் கதவுக்கு இரண்டு பூட்டு. ஒன்று லெவி. வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரை வைத்துக்கொள்வதற்காக முதலாளி மாதாமாதம் அரசுக்குக் கட்டும் தொகை. இன்னொன்று கோட்டா. உள்ளூர்க்காரர் இத்தனை பேர் வேலையில் இருந்தால்தான் வெளிநாட்டுக்காரர் இத்தனை பேரை எடுக்கலாம் என்ற விகிதம். விசா கொடுப்பதை ஒரேயடியாக நிறுத்த வேண்டியதே இல்லை. இந்த இரண்டு எண்களைத் திருகினால் போதும், வரும் ஆட்களின் எண்ணிக்கை தானாக ஏறி இறங்கும்.

2022 பிப்ரவரியில் இன்றைய பிரதமர் லாரன்ஸ் வோங், நிதியமைச்சராகத் தான் வாசித்த பட்ஜெட்டில் இரண்டையும் ஒரே நேரத்தில் திருகினார். கட்டுமானத்தில் ஓர் உள்ளூர்க்காரருக்கு ஏழு பெர்மிட்காரர்கள் என்றிருந்த விகிதம் 2024 ஜனவரி 1 முதல் ஐந்தாகக் குறைந்தது. திட்டத்துக்கு இத்தனை பேர் என ஒதுக்கி, அவர்களுக்குக் குறைந்த லெவி வாங்கிய பழைய முறையும் அன்றோடு போயிற்று. இந்தியா, வங்கதேசம் போன்ற நாடுகளிலிருந்து வரும் தொழிலாளிக்கு இப்போது லெவி, உயர்திறன் என்றால் மாதம் 500 வெள்ளி, அடிப்படைத் திறன் என்றால் 900 வெள்ளி. (சிங்கப்பூர்த் தமிழில் டாலருக்கு வெள்ளி என்றுதான் பெயர். அங்கே போய் வந்தவர்கள் ஊரிலும் அப்படியே சொல்கிறார்கள்.)

இதன் பக்கத்தில் கூலியை வைத்துப் பாருங்கள். புதிதாகப் போகும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 வெள்ளி, மிஞ்சிப்போனால் 20 வெள்ளி என்பதுதான் இந்த ஊர்களில் நெடுநாளாகக் கேட்கும் கணக்கு. 18 வெள்ளி வீதம் 26 நாள் என்றால் 468 வெள்ளி. அந்தத் தொழிலாளியை வைத்துக்கொள்ள அரசுக்குப் போவது 900. வெயிலில் நின்று கம்பி கட்டுகிறவனின் அடிப்படைக் கூலியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, அவன் அங்கே நிற்பதற்கான அனுமதிக்கே செலவாகிறது. ஓவர்டைம் பார்த்தால்தான் அவன் கையில் நாலு காசு நிற்கும்.

லெவியைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. நேராக யாரும் பிடிப்பதும் இல்லை. ஆனால் 900 வெள்ளி வெளியே போகிறது என்று தெரிந்த முதலாளி கூலியை உயர்த்தத் தயங்குவார். விகிதம் ஏழிலிருந்து ஐந்தாகும்போது நடப்பது இதைவிட மோசம். ஒரு கம்பெனியிடம் மிச்சமிருக்கும் ஒவ்வோர் இடமும் அரிய பொருளாகிறது. அரிய பொருளுக்கு விலை வந்துவிடும். வேலை கொடுப்பதற்காகத் தொழிலாளியிடம் பணம் வாங்குவது சிங்கப்பூரில் குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் உண்டு. அங்குள்ள ஏஜென்சி அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் கட்டணமாக வாங்கலாம். ஆனால் பணம் அங்கே கைமாறுவதில்லை. இங்கே, நம் ஊரில், ஏஜென்டின் முன்னறையில், ரசீது இல்லாமல் கைமாறுகிறது. மூன்று லட்சம், நாலு லட்சம் என்று சொல்லாத வீட்டை அந்த நாலு நாளில் நான் பார்க்கவில்லை. அம்மாவின் சங்கிலி, அப்பாவின் மூணு மா நிலம், மாமன் வாங்கிக் கொடுத்த வட்டிக் கடன். பட்ஜெட்டில் திருகிய எண், ஏறத்தாழ இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்து அந்தச் சங்கிலியில் முடிகிறது.

சிங்கப்பூர்க்காரர்களின் கவலை பொய் என்று நான் சொல்லவில்லை. 2025 ஜூன் கணக்கில் அங்கே மக்கள்தொகை 61 லட்சம். அதில் 19 லட்சம் பேர் குடிமக்களும் அல்ல, நிரந்தரவாசிகளும் அல்ல. ரயிலில் நெரிசல், வீட்டு விலை, உள்ளூர்க்காரர் கூலி உயராமல் கிடப்பது என்று 2011 தேர்தலிலேயே அந்தக் கோபம் வெடித்தது. ஆளும் மக்கள் செயல் கட்சி வாங்கிய வாக்கு 60 விழுக்காடாகச் சரிந்தது. 2013-ல் மக்கள்தொகை 69 லட்சம் வரை போகலாம் என்று அரசு வெள்ளை அறிக்கை வெளியிட்டபோது, போராட்டம் அரிதான அந்த நாட்டில் ஹாங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். எந்த நாட்டுக்கும் தன் வாசலில் யார், எத்தனை பேர் என்று முடிவு செய்யும் உரிமை இருக்கிறது. மலிவாக ஆள் கிடைக்கும்வரை முதலாளிகள் இயந்திரம் வாங்க மாட்டார்கள் என்ற வாதத்திலும் உண்மை உண்டு.

ஆனால் அந்தக் கட்டடங்கள் யார் கையால் எழுகின்றன என்பதை ஒரு முறை எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். 2020-ல் கொரோனா தங்குவிடுதிகளுக்குள் புகுந்தது. அங்கிருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தொற்று வந்து போனதாக அந்த ஆண்டு டிசம்பரில் அரசே அறிவித்தது. விடுதியை விட்டு வெளியே விடாமல் மாதக்கணக்கில் உள்ளேயே வைத்தார்கள். 2021 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து ஆள் வருவதும் நின்றது. கூடவே, புது வீடு கிடைக்கும் என்று காத்திருந்த சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு வீட்டுச் சாவியும் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. இப்போது சாங்கி விமான நிலையத்தின் ஐந்தாம் முனையத்துக்கு 2025 மே மாதம் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. அந்த ஆண்டு மட்டும் 4,700 கோடி வெள்ளிக்குமேல் கட்டுமான ஒப்பந்தங்கள் வரும் என்று அந்நாட்டுக் கட்டட ஆணையமே கணித்தது. ஆள் வேண்டும், ஆனால் ஆள் கூடாது. இந்த இழுபறியில்தான் நம் பையன்களின் விதி ஆடுகிறது.

சில கெடுபிடிகள் தளர்ந்தும் இருக்கின்றன. அதையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் அடிப்படைத் திறன் பெர்மிட்காரர் 14 ஆண்டுக்கு மேல் அங்கே வேலை பார்க்க முடியாது. தொழிலின் நெளிவுசுளிவு கைவந்த 37, 38 வயதில் 'காலம் முடிந்தது, ஊருக்குப் போ' என்பார்கள். 2025 ஜூலை 1 முதல் அந்த வரம்பு எடுக்கப்பட்டு, 63 வயது வரை வேலை பார்க்கலாம் என்றானது. அப்படி 14 ஆண்டு முடிந்து முன்பே திரும்பியவர் ஒருவர் அதே தெருவில் இருக்கிறார். மளிகைக் கடை வைத்து நொடித்து, இப்போது தேங்காய் உரிக்கப் போகிறார். செய்தியைக் கேட்டுவிட்டு, "கொஞ்சம் முன்னாடி போட்டிருக்கலாம்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

எண்ணிக்கையைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர்கள் பாடு. என்னை உறுத்துவது வேறு. பெர்மிட் தொழிலாளியின் பெயரில் இருக்கிறது, ஆனால் முதலாளியின் கையில் இருக்கிறது. முதலாளி நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் அதை ரத்து செய்யலாம். கட்டுமானத் தொழிலாளி முதலாளியின் சம்மதம் கேட்காமல் வேறு கம்பெனிக்கு மாறுவதற்கு, பெர்மிட் முடிய 40 நாள் இருக்கும்போது தொடங்கி 21 நாள் இருக்கும்வரை ஒரு சின்ன இடைவெளி உண்டு. இரண்டு ஆண்டு பெர்மிட்டில் அவனுக்குக் கிடைக்கும் சுதந்திரம் மூன்று வாரத்துக்கும் குறைவு. அந்த இடைவெளியை மூன்று வாரத்திலிருந்து முழு ஆண்டுக்கும் நீட்டினால், லெவியை எவ்வளவு உயர்த்தினாலும் கூலியை அழுத்த முதலாளிகள் யோசிப்பார்கள். கூலி குறைந்த இடத்தை விட்டு ஆள் நகர்ந்துவிடுவான். உள்ளூர்த் தொழிலாளியின் கூலியைக் காப்பதுதான் நோக்கம் என்றால், வெளியூர்த் தொழிலாளியை ஒரே இடத்தில் கட்டிப்போடுவது அதற்கு எதிரான வேலை.

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் குறிப்பிட்ட 18 நாடுகளுக்குப் போகும் குறைந்த படிப்புள்ள தொழிலாளிக்கு அரசின் முன்அனுமதி வேண்டும் என்கிறது. வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. சிங்கப்பூர் இல்லை. ஆகவே இந்தப் பையன் எந்தச் சம்பளத்துக்குப் போகிறான், எவ்வளவு கொடுத்துப் போகிறான் என்று கேட்கும் ஒரு மேசைகூட இடையில் கிடையாது. பதிவுபெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாய்க்கும் வரிக்கும் மேல் வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. பதிவு இல்லாத துணை ஏஜென்ட்தான் ஊருக்குள் வருகிறார். அவருக்கு எந்த விதி? பழைய சட்டத்துக்குப் பதிலாக ஒரு புது வரைவை மத்திய அரசு 2025-ல் வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. தமிழ்நாட்டு அரசிடம் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது. தேர்வு மையத்தின் வாசலில் ஒரு மேசை போட்டு, தேறிவரும் ஒவ்வொருவரிடமும் 'யாருக்கு எவ்வளவு கொடுத்தாய்' என்று எழுதி வாங்கினாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும். அதைச் செய்ய எந்த நாட்டின் அனுமதியும் வேண்டாம்.

நான்காம் நாள் சாயங்காலம் ஐபிஏ வந்தது. தெருவே கூடிவிட்டது. ஆங்கிலக் கடிதத்தோடு தமிழிலும் ஒன்று வருகிறது, நல்ல ஏற்பாடு. பையன் போனை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னான். அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் என்று ஒவ்வொரு வரியாக வாசித்தேன். அவன் அம்மா ரூபாயில் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லாரும் கலைந்த பிறகு பையன் திண்ணையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இதுல போட்ட சம்பளத்தக் குடுக்கலன்னா யார்ட்டண்ணே சொல்றது?"

மனிதவள அமைச்சிடம் புகார் கொடுக்கலாம், சம்பளத் தகராறுகளுக்கென்றே அங்கே ஓர் அமைப்பு இருக்கிறது, வேலையில் இருக்கும்போதே போகலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டான்.

"சொன்னா பெர்மிட்டு நிக்குமாண்ணே?"

உள்ளே அவன் அப்பா, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று ஒரு பழைய டைரியில் கூட்டிக்கொண்டிருந்தார். நான் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவன் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.