பெயர் பெறாத கருவிகள்
கரையும் கருவியும் – 11

சங்கிலிப் பட்டையில் ஊர்ந்து வந்து, நீண்ட கையை மடக்கி மண்ணை அள்ளும் இயந்திரத்துக்குத் திருவொற்றியூரில் பெயர் பொக்லைன். தமிழ்நாட்டின் வேறு பல ஊர்களில் அதையே ஹிட்டாச்சி என்கிறார்கள். நான்கு சக்கரத்தில் ஓடி, முன்னால் அகன்ற வாளியும் பின்னால் குறுகிய கையும் கொண்ட மஞ்சள் வண்டி நமக்கு ஜேசிபி. இலங்கைத் தமிழருக்கு அது பெக்கோ. இந்தப் பெயர்கள் எதுவும் தற்செயலாக ஒட்டிக்கொண்டவை இல்லை. பொக்லைன் ஒரு பிரெஞ்சு நிறுவனம். அதனிடம் உரிமம் பெற்று லார்சன் அண்ட் டூப்ரோ இந்தியாவிலேயே அந்த இயந்திரத்தைச் செய்தது. ஜோசப் சிரில் பாம்ஃபோர்டின் பெயரெழுத்துகளைத் தாங்கிய ஆங்கிலேய நிறுவனம் 1979இல் எஸ்கார்ட்ஸோடு கூட்டுச் சேர்ந்து ஹரியானாவில் தொழிற்சாலை வைத்தது. ஜப்பானின் ஹிட்டாச்சி டாடாவின் கைபிடித்து வந்தது. இலங்கையிலோ நிறுவனத்தின் பெயர் நிலைக்காமல், ‘பேக்ஹோ’ என்ற வகைப்பெயரே பெக்கோவாகத் திரிந்து தங்கிவிட்டது. அதே தீவில் கடப்பாரைக்கு அலவாங்கு என்று பெயர். போர்த்துக்கீசியரின் அலவாங்காதான் அது. எந்தக் கருவி யார் வழியாக வந்து யார் கையில் நின்றது என்பதற்கு, கொள்முதல் பதிவேட்டைவிடப் பேச்சு வழக்கு நம்பகமான சாட்சி.

பனி கொட்டும் நாடுகளிலும் இதுவே நடந்திருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநில வடபகுதியில், இரு கையாலும் தள்ளிப் பனியை வாரும் பெரிய முறத்துக்கு ‘யூப்பர் ஸ்கூப்பர்’ என்று பெயர். யூப்பர் என்றால் அந்தப் பகுதிக்காரர். ஃபின்லாந்தில் அதற்கு லுமிகோலா என்று வேறு பெயர் உண்டு. அமெரிக்காவின் கிழக்கு நகரங்களில் தெருப்பனியை வாரி லாரியில் கொட்டும் வண்டியைப் பலர் பேலோடர் என்பார்கள். ஹஃப் என்ற அமெரிக்க நிறுவனம் தன் வண்டிக்கு வைத்த வணிகப் பெயர் அது. பனியையே காணாத சென்னைத் துறைமுகத்துக்கும் அந்தப் பெயர் வந்து சேர்ந்தது, நிலக்கரிக்காக. கிரேனின் கிராப் எட்டாத மூலையில் கிடக்கும் கரியைக் குவிக்க, கப்பலின் வயிற்றுக்குள்ளேயே பேலோடரை இறக்குவார்கள். அதன் பிறகும் ஒட்டியிருப்பதைச் சுரண்டியெடுப்பது ஷவல் பிடித்த மனிதர்தான். ராயபுரத்து வீடுகளில் கரித்தூள் படிந்துகொண்டிருந்த நிலையில், சென்னைத் துறைமுகம் கரியையும் இரும்புத் தாதுவையும் கையாளுவதை நிறுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2011இல் ஆணையிட்டது. கரி எண்ணூருக்கு இடம் மாறியது. தூசியும் பேலோடர் என்ற சொல்லும் கூடவே போயின.

இங்கிருந்து வெளியே போன பெயரும் உண்டு. மண்வெட்டி, மம்பட்டி, மம்முட்டி என்று நாம் பலவாறு சொல்லும் கருவியை வெள்ளைக்கார அதிகாரிகள் மமூட்டி என்று எழுதினார்கள். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அது ஏறியிருக்கிறது. இலங்கை ஆங்கிலத்தில் இன்றும் வழங்குகிறது. அவர்கள் மொழியில் இதற்குச் சரியான சொல் இருக்கவில்லை. அவர்களுடைய ஸ்பேடு நிமிர்ந்த இலை உடையது, காலால் மிதித்து இறக்குவது. நம்முடையது பிடியை நோக்கி மடிந்தது, குனிந்து தன் பக்கம் இழுப்பது. சென்னையிலிருந்து எண்ணூருக்கு 1806இல் வெட்டிய கால்வாயும், தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்தவர்கள் 1877–78இல் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டியதும் இன்றைய பக்கிங்ஹாம் கால்வாயின் பகுதிகள். இப்படி மண் வேலை வாங்கியவர்களுக்கு அந்தக் கருவி தினமும் தேவைப்பட்டது. ஆகவே அதன் பெயரும் தேவைப்பட்டது.

இவ்வளவையும் வைத்து நான் சொல்ல வருவது இதுதான். ஒரு கருவி ஓர் ஊரில் நிலையாக இருந்து, ஊர்க்காரர் அதன் பக்கத்தில் நின்று வேலை செய்தால், அதற்கு அங்கே ஒரு பெயர் கட்டாயம் உண்டாகும். உண்டாகவில்லை என்றால், காகிதத்தில் என்ன இருந்தாலும் கருவி அந்த ஊருக்கு வந்து சேரவில்லை என்றே கொள்ள வேண்டும். எண்ணெய்க் கசிவைப் பாருங்கள். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூரின் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. எர்ணாவூர்க் கரையில் அது தாராகக் கெட்டிப்பட்டு ஒதுங்கியது. கழிவுநீர்க் குழாய்களைச் சுத்தம் செய்வதால் சென்னை நன்கறிந்த சூப்பர் சக்கர் வண்டிகள் வந்தன. அந்தக் கூழின் கெட்டிக்கு அவற்றால் ஈடுகொடுக்க முடியவில்லை. மீனவரும் மாணவரும் தீயணைப்புத் துறையினரும் வாளியால் அள்ளிக் கைமாற்றினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோதும் மீனவர்கள் சிறு படகில் போய் மக்கால் மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். எண்ணெய் பரவாமல் வளைத்துக் கட்டும் மிதவைக்கும், மேலாக வழித்தெடுக்கும் இயந்திரத்துக்கும் அந்த நாட்களின் செய்திகளில் ஒரே பெயர் நிலைக்கவில்லை. பூம், பூமர், மிதவைத் தடுப்பு, ஸ்கிம்மர், உறிஞ்சும் கருவி என்று ஆளுக்கொன்றாக எழுதினார்கள். வாளிக்கும் மக்குக்கும் அந்தக் குழப்பம் இல்லை.

இதற்கு மறுப்புகள் வரும். பொக்லைனும் ஜேசிபியும் வணிகப் பெயர்கள், அவற்றை ஊர்வழக்கு என்று கொண்டாடாமல் மண்வாரி என்று தமிழில் சொல்லலாமே என்பது ஒன்று. மண்வாரி நல்ல சொல், எழுத்தில் இருக்கட்டும். ஆனால் தண்டையார்பேட்டையில் வாடகைக்கு வண்டி எடுப்பவருக்கு அந்த ஒரு சொல் போதாது. ஜேசிபி சாலையில் தானே ஓடி வரும். பொக்லைனை டிரெய்லரில் ஏற்றி வர வேண்டும். இரண்டும் நுழையாத சந்துக்குப் பாப்கேட் என்ற சிறு வண்டிதான் வேண்டும். வாடகை வேறு, வேலை வேறு. தெருவில் வழங்கும் பெயர் இந்த வேறுபாட்டைக் காப்பாற்றுகிறது. அதை மதிக்காமல் எந்தக் கலைச்சொல்லும் புழக்கத்துக்கு வராது.

கருவி மறைந்த பின்னும் பெயர் நிற்கிறதே, நீர் இறைத்த கமலையும் ஏற்றமும் சொல்லாக இருக்கின்றனவே என்பது இதைவிட வலுவான மறுப்பு. அதை ஒப்புக்கொள்கிறேன். பெயர் இருப்பதால் கருவி இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. என் வாதம் எதிர்த்திசையில் மட்டுமே செல்லும்: பெயர் இல்லாதது கருவி இல்லாததைக் காட்டுகிறது. கருவி கண்ணெதிரே நின்றால் பெயர் தானே வந்துவிடும். கால்வாய்ச் சேற்றில் இறங்கித் தூர் வாரும் இயந்திரம் மாநகராட்சிக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. அதற்குள் ஆம்பிபியன் என்று ஒரே பெயரில் நிலைத்துவிட்டது. பக்கிங்ஹாம் கால்வாயில் அதை ஜனங்கள் பார்க்கிறார்கள்.

எண்ணெய்க் கசிவு நிபுணர் வேலை, கடலோரக் காவல்படை கருவியோடு வந்து பார்த்துக்கொள்ளும், குப்பத்து மக்களுக்கு அதன் பெயர் எதற்கு என்றும் கேட்கலாம். இந்தக் கேள்வியைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். 1996 முதல் நடைமுறையில் உள்ள தேசிய எண்ணெய்க் கசிவுத் திட்டமே, துறைமுகங்களும் எண்ணெய் கையாளும் நிறுவனங்களும் முதல்கட்டக் கருவிகளைத் தங்களிடம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. தூரத்திலிருந்து வருகிறவரை நம்பி எழுதிய திட்டமல்ல அது. ஏறத்தாழ ஏழு வருட இடைவெளியில் இரண்டு முறையும் எண்ணெயில் கைவைத்து அள்ளியவர்களில் மீனவர்கள் இருந்தார்கள். முகத்துவாரத்தில் நீர் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது தெரிந்தவர்கள் அவர்கள். மிதவையை எங்கே கட்டினால் நிற்கும் என்று சொல்லக் கூடியவர்களும் அவர்களே. தாழங்குப்பத்திலும் நெட்டுக்குப்பத்திலும் காட்டுக்குப்பத்திலும் மிதவைச் சுருள்களை வைத்து, மழைக்காலத்துக்கு முன் மீனவரைக் கொண்டே விரித்துப் பழக்க வேண்டும். வலையின் ஒவ்வொரு வகைக்கும் பெயர் வைத்திருப்பவர்கள் இதற்கும் ஒன்று வைப்பார்கள். அது பூமாக இருக்குமா, வேறொன்றாக இருக்குமா என்று அதிகாரிகள் முடிவு செய்ய வேண்டியதில்லை. அவர்கள் செய்ய வேண்டியது அந்தச் சுருள்களைக் கிடங்கிலிருந்து கரைக்குக் கொண்டுவருவது.